ஒரு சத்தியத்துக்காக 6 ஆண்டுப் போராட்டம்: யார் இந்த சார்ல்ஸ் பிராட்லா?

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கொடுக்கும் வாக்கை நம்பலாமா?

சுமார் 140 ஆண்டுக்கு முன்பு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தையே ஆட்டிவைத்த கேள்வி இது. காரணம், ஒரே ஒருவர்: சார்ல்ஸ் பிராட்லா.

யார் இவர்?

1833இல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நல்லவராக வாழ மதம் வேண்டாம், பகுத்தறிவும் சக மனிதர்மேல் அக்கறையும் போதும் என்பது அவர் கொள்கை. 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தைத் தொடங்கினார்.

என்ன சிக்கல்?

1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்றார். கடவுள் பெயரில் சத்தியம் செய்யாமல் வெறும் உறுதிமொழி எடுக்கிறேன் என்றார். முடியாது என்றார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நாத்திகரின் சத்தியம் செல்லாதுன்னு அதற்கும் மறுப்பு! அவையை விட்டு வெளியேற மறுத்தவரை ஓரிரவு மணிக்கூண்டில் அடைத்தார்கள்.

பதவி பறிபோனாலும் தொகுதி மக்கள் விடவில்லை. திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அப்புறம்?

1886இல் ஒருவழியாகச் சத்தியம் செய்து அமர்ந்தார். அதோடு நிற்கவில்லை. 1888இல் அவர் முயற்சியால் புதிய சட்டம் வந்தது. நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கடவுள் பெயரைச் சொல்லாமலே உறுதிமொழி எடுக்கலாம் என்றானது.

1891இல் பிராட்லா காலமானார். இறுதிச் சடங்குக்கு வந்த கூட்டத்தில் 21 வயது இந்திய மாணவர் ஒருவரும் இருந்தார். அவர் நாத்திகர் அல்லர். பெயர், மோகன்தாஸ் காந்தி.