ஒற்றை விரல் வித்தகர்

குழந்தைகளே, ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போமா? வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால், ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். 'டும்... டும்...' என்று கை அதிர்கிறதா? அந்த அதிர்வில் ஒரு பங்கு தாள வாத்தியத்தால் வருவது. இன்னொரு பங்கு, 'பேஸ் கிதார்' என்ற கருவியால் வருவது.

சாதாரண கிதாரில் 6 தந்திகள் இருக்கும். பேஸ் கிதாரில் பெரும்பாலும் 4 தந்திகள்தான். ஆனால் அவை தடிமனானவை, நீளமானவை. அதனால் ஒலி கனமாக, அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல் இருக்கும். நாம் பாடகரின் குரலைத்தான் கவனிப்போம். பேஸ் கிதாரைத் தனியாக யாரும் கேட்பதில்லை. ஆனால் அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள், பாட்டு கால் உடைந்த நாற்காலி மாதிரி ஆகிவிடும்!

இந்தக் கருவியை வாசித்த ஒருவரைப் பற்றித்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். அவர் வாசித்த பாடல்களில் 20-க்கும் மேற்பட்டவை அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. கோடிக்கணக்கானவர்கள் அவரது இசையைக் கேட்டு ஆடினார்கள். ஆனால் பல ஆண்டுகள் வரை அவர் யார் என்றே அவர்களுக்குத் தெரியாது. அவர்தான் ஜேம்ஸ் ஜேமர்சன்.

1936-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி, அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் உள்ள எடிஸ்டோ தீவில் பிறந்தார் ஜேம்ஸ். கறுப்பினக் குடும்பம். அந்தக் காலத்தில் அங்கே வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு வேறு பள்ளி. எல்லாவற்றிலும் பாகுபாடு! ஜேம்ஸின் பெற்றோர் பிரிந்துவிட்டதால், பாட்டியும் அத்தை முறையான உறவினரும் சிறுவனைக் கவனித்துக் கொண்டார்கள். பாட்டி பியானோ வாசிப்பார். தேவாலயத்தில் பாட்டு, வானொலியில் பாட்டு என்று காதில் இசை விழுந்துகொண்டே இருந்தது.

சிறுவன் ஜேம்ஸிடம் வாத்தியம் எதுவும் இல்லை. அதற்காகச் சும்மா இருப்பானா? ஒரு குச்சியை எடுத்து, அதில் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினான். குச்சியை எறும்புப் புற்றில் நட்டு வைத்து, ரப்பரைச் சுண்டினான். மண் அதிர்ந்ததும் எறும்புகள் குடுகுடுவென்று வெளியே ஓடிவந்தன. எறும்புகளை ஆட வைக்கிறேன் என்று அவன் சொல்வானாம். பிற்காலத்தில் அவர் செய்ததும் அதே வேலைதான். என்ன, எறும்புகளுக்குப் பதிலாக மனிதர்கள்!

1950-களில் தென் மாநிலங்களிலிருந்து ஏராளமான கறுப்பினக் குடும்பங்கள் வேலை தேடி வடக்கே போயின. ஜேம்ஸின் அம்மாவும் டெட்ராய்ட் நகருக்குப் போனார். 1954-இல் ஜேம்ஸும் அங்கே போய்ச் சேர்ந்தார். டெட்ராய்ட் என்றால் கார்! போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என்று உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஜேம்ஸ், அங்கே 'டபுள் பேஸ்' என்ற கருவியைக் கற்றுக்கொண்டார். அது ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் ராட்சத வயலின். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வாசிப்பார்கள். தந்திகளை அழுத்தவே நல்ல வலு வேண்டும். ஜேம்ஸுக்கு வலுவான கைகள். படிக்கும்போதே இரவு விடுதிகளில் ஜாஸ் குழுக்களுடன் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

இனி அந்த நகரத்து இன்னொரு மனிதரைப் பார்ப்போம். பெர்ரி கார்டி என்பவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெறும் இரும்புச் சட்டமாக உள்ளே வரும் பொருள், ஒவ்வொரு கையாக மாறி, கடைசியில் பளபளக்கும் காராக வெளியே போவதை அவர் தினமும் பார்த்தார். பாட்டையும் இப்படித் தயாரித்தால் என்ன என்று தோன்றியது! 1959-இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் 'மோட்டவுன்'. மோட்டார் டவுன், அதாவது மோட்டார் நகரம் என்பதன் சுருக்கம்.

வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டு என்ற சாலையில் இருந்த ஒரு சாதாரண வீடுதான் அலுவலகம். வீட்டின் பின்பகுதி ஒலிப்பதிவுக்கூடம். தாழ்வான, நெருக்கடியான அறை. எங்கே பார்த்தாலும் கருப்பு ஒயர்கள் நெளிந்து கிடக்கும். அதனால் வாத்தியக்காரர்கள் அந்த அறைக்கு வைத்த பெயர், 'பாம்புக்குழி'! ஒரு நாளில் 22 மணி நேரம் அந்தக் கூடம் திறந்திருந்ததாம்.

நிறுவனம் தொடங்கிய காலத்திலேயே ஜேம்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். இந்த மாதிரி வாத்தியக்காரர்களின் வேலை எப்படி என்று தெரியுமா? அவர்கள் எந்தப் பாடகரின் குழுவையும் சேர்ந்தவர்கள் அல்ல. கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும். கையில் ஒரு தாள் தருவார்கள். அதில் பாட்டின் சுருதிகள் மட்டும் எழுதியிருக்கும். சில நிமிடங்களில் அதைப் புரிந்துகொண்டு, தப்பில்லாமல் வாசிக்க வேண்டும். வேலை முடிந்தால் கூலி. நம் ஊர்த் திரைப்பட உலகில் இதைக் 'கால்ஷீட்' கணக்கு என்பார்கள்.

ஆரம்ப நாட்களில் ஒரு பாட்டுக்கு 5 டாலர் முதல் 10 டாலர் வரைதான் கிடைத்தது. பாட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அவ்வளவுதான்! பாட்டு எழுதியவருக்கும், பாடியவருக்கும், நிறுவனத்துக்கும் விற்பனையில் பங்கு உண்டு. வாசித்தவருக்குக் கிடையாது. பின்னாளில் ஜேம்ஸுக்கு நல்ல வாரச் சம்பளம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இசைத்தட்டின் உறையில் பாடகரின் பெயர், படம் எல்லாம் இருக்கும். வாத்தியக்காரர்களின் பெயர் இருக்காது. தங்களுக்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: 'பங்க் பிரதர்ஸ்'.

1960-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ், பெரிய டபுள் பேஸை விட்டுவிட்டு, மின்சாரத்தில் இயங்கும் பேஸ் கிதாருக்கு மாறினார். ஆனால் பழைய பழக்கத்தை மாற்றவில்லை. மற்றவர்கள் வலது கையின் இரண்டு விரல்களால் தந்தியை மீட்டுவார்கள். இவருக்கு ஆட்காட்டி விரல் ஒன்றே போதும்! அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயரும் உண்டு. ஒற்றை விரலால் இவ்வளவு வேகமாக எப்படி வாசிக்கிறார் என்று மற்றவர்கள் திகைத்தார்கள்.

அவருடைய கிதார் 1962-ஆம் ஆண்டைச் சேர்ந்த பெண்டர் பிரிசிஷன். அதில் மிகவும் தடிமனான தந்திகளைக் கட்டியிருந்தார். ஒரு தந்தி அறுந்து போனால் ஒழிய அதை மாற்றவே மாட்டார். அழுக்கேறி, பழசாகிப் போன தந்திதான் நல்ல ஒலி தரும் என்பது அவர் கட்சி. தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வேறு. அதனால் ஒலி நீளமாக இழுக்காமல், 'டப்' என்று அடங்கி நிற்கும். தந்திகள் மிகவும் உயரத்தில் இருந்ததால் அந்தக் கிதாரை வேறு யாராலும் எளிதில் வாசிக்க முடியவில்லை.

அப்படி என்ன புதுமை செய்தார் என்று கேட்கிறீர்களா? அதுவரை பாட்டுகளில் பேஸ் வாசிப்பவர், இரண்டு மூன்று சுரங்களையே திரும்பத் திரும்ப வாசித்துக் கொண்டிருப்பார். காவல்காரர் ஒரே இடத்தில் நடைபோடுவது போல! ஜேம்ஸோ ஜாஸ் இசையில் ஊறியவர். பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் இவர் ஒரு சின்னப் பயணம் போய்விட்டுச் சரியான நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுவார். தாளம் எதிர்பாராத இடத்தில் ஒரு சுரத்தைப் போடுவார். பாடகர் மேலே ஒரு பாட்டுப் பாட, கீழே இவர் விரல் இன்னொரு பாட்டுப் பாடும்.

ஆனால் எல்லாப் பாட்டிலும் இப்படித் துள்ளமாட்டார். 1964-இல் 'டெம்ப்டேஷன்ஸ்' குழு பாடிய 'மை கேர்ள்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜேம்ஸின் பேஸ் ஒலியோடுதான் தொடங்கும். இதயத் துடிப்பு மாதிரி, வெகு எளிமை. அதன் மேல் படிக்கட்டு ஏறுவது போல ஒரு கிதார் வரும். அதை வாசித்தவர் ராபர்ட் ஒயிட். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 'பெர்னடெட்' பாட்டிலோ ஜேம்ஸின் விரல் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிறது. எங்கே ஓட வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் பெரிய வித்தை என்று எனக்குத் தோன்றுகிறது. பார்வையற்ற பாடகர் ஸ்டீவி ஒண்டர், 17 வயதில் பாடிப் புகழ்பெற்ற பாட்டுக்கும் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ்தான்.

கடல் கடந்து இங்கிலாந்தில், 'பீட்டில்ஸ்' குழுவில் பேஸ் கிதார் வாசித்த பால் மெக்கார்ட்னி இந்த இசைத்தட்டுகளைக் கூர்ந்து கேட்டு வந்தார். தாம் வாசிக்கும் முறையை மாற்றியவர்களில் ஜேமர்சன் முக்கியமானவர் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

1971-இல் மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்ற இசைத்தட்டு வெளிவந்தது. வியட்நாம் போர், வறுமை, காற்றும் நீரும் கெட்டுப்போவது ஆகியவற்றைப் பற்றிய பாடல்கள் அவை. அதற்கு ஜேம்ஸ்தான் வாசிக்க வேண்டும் என்று மார்வின் பிடிவாதமாக இருந்தார். ஒரு விடுதியில் அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தாராம். மிதமிஞ்சிக் குடித்திருந்ததால் ஜேம்ஸால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்து முடித்தார் என்று சொல்வார்கள். பலரும் இதை ஒரு சாதனையாகச் சொல்லி வியப்பார்கள். எனக்கோ படிக்கும்போது கவலைதான் வருகிறது. அந்தக் குடிப்பழக்கம் ஏற்கெனவே அவர் உடம்பைத் தின்னத் தொடங்கியிருந்தது.

அந்த இசைத்தட்டில் ஒரு புதுமை நடந்தது. உறையில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டார்கள்! ஜேம்ஸுக்கு ஈடு இணையற்றவர் என்ற அடைமொழியும் கிடைத்தது. நிறுவனம் தொடங்கி 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டே, 1972-இல், மோட்டவுன் நிறுவனம் டெட்ராய்ட்டை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. வாத்தியக்காரர்களை யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. வழக்கம்போல் வேலைக்கு வந்தவர்கள், இன்று ஒலிப்பதிவு இல்லை என்ற அறிவிப்பைக் கதவில் பார்த்தார்கள். அவ்வளவுதான்!

1973-இல் ஜேம்ஸும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். எந்த நிறுவனத்தையும் சாராமல், அழைப்பு வந்தால் வாசிப்பது என்று வாழ்க்கை ஓடியது. சில நல்ல வாய்ப்புகள் வந்தன. ஆனால் காலம் மாறிவிட்டது. புதுத் தந்தி மாட்டுங்கள், பளீரென்று ஒலிக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்ததை மட்டும் அப்படியே வாசியுங்கள் என்றார்கள். ஜேம்ஸ் இணங்கவில்லை. அழைப்புகள் குறைந்தன, குடி கூடியது, உடல்நலம் கெட்டது.

1983, மார்ச் 25. மோட்டவுனின் 25-ஆம் ஆண்டு விழா, பாசடீனா நகர அரங்கத்தில் பிரமாதமாக நடந்தது. மைக்கேல் ஜாக்சன் 'மூன்வாக்' நடனத்தை மேடையில் ஆடி உலகத்தையே அசத்தினாரே, அது இந்த விழாவில்தான்! பழைய பாடகர்கள் பலர் வந்திருந்தார்கள். அவர்களின் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்த ஜேம்ஸுக்கு அழைப்பு இல்லை. அவர் தம் பணத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி, மாடியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி அவர் காலமானார். வயது 47. இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான், அத்தனை பாட்டுகளையும் வாசித்த அந்தக் கிதார் திருட்டுப் போயிருந்தது.

ராபர்ட் ஒயிட்டை நினைவிருக்கிறதா, 'மை கேர்ள்' கிதார் கலைஞர்? பல ஆண்டுகள் கழித்து ஓர் உணவு விடுதியில் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பாட்டு ஒலித்தது. உணவு கொண்டுவந்தவரிடம், இதை வாசித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டார். உடனிருந்தவர் ஆலன் ஸ்லட்ஸ்கி. அவரும் ஒரு கிதார் கலைஞர்தான்.

அந்த ஸ்லட்ஸ்கிதான் ஜேம்ஸின் வரலாற்றைத் தேடித் தொகுத்தவர். இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஜேம்ஸ் வாசித்த சுரங்களை எழுதி 1989-இல் புத்தகமாக வெளியிட்டார். புகழ்பெற்ற பேஸ் கிதார் கலைஞர்கள் பலர், ஜேம்ஸின் பகுதிகளை வாசித்து அந்தப் புத்தகத்துடன் வந்த ஒலிநாடாவுக்குக் கொடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் 'ராக் அண்டு ரோல்' புகழ் மண்டபத்தில், பின்னணிக் கலைஞர்களுக்கென்று முதன்முதலாக ஒரு பிரிவு ஏற்படுத்தினார்கள். அந்த முதல் பட்டியலிலேயே ஜேமர்சன் பெயர் இடம்பெற்றது. 2002-இல் 'பங்க் பிரதர்ஸ்' பற்றிய ஆவணப்படம் வந்தது. அதில் உயிரோடு இருந்தவர்கள் மீண்டும் ஒன்றுகூடி வாசித்தார்கள். பாம்புக்குழி இருந்த அந்த வீடு 1985-லேயே அருங்காட்சியகம் ஆகிவிட்டது.