லூயிஸ் டெர்மன்: மீத்திறன் குழந்தைகளைத் தேடியவர் யாரிடம் கேட்டார்?

1921-22 கல்வியாண்டில் கலிபோர்னியாவின் பெருநகரப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்களின் கைக்கு ஒரு படிவம் வந்து சேர்ந்தது. உங்கள் வகுப்பில் மிகுந்த அறிவுக்கூர்மை உடைய குழந்தை யார், அடுத்த இடத்தில் யார், மூன்றாவது யார், வகுப்பிலேயே வயதில் இளைய குழந்தை யார் என்று அது கேட்டது. பெயர் எழுதப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் சோதனை நடந்தது. பெயர் எழுதப்படாத குழந்தை சோதனைத் தாளைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் அனுப்பிய படிவம் அது. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் மீத்திறன் மாணவர்களைக் கண்டறியும் முறைக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

நம் பி.எட். மாணவர்கள் டெர்மனின் பெயரை நுண்ணறிவு ஈவின் சூத்திரத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்கிறார்கள். மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்குவது என்ற அளவில் அந்த அறிமுகம் முடிந்துவிடுகிறது. அவருடைய வாழ்க்கையை நாம் சற்று விரிவாக அறிய வேண்டிய தேவை இருக்கிறது. தகுதி, திறமை என்ற சொற்களைக் கொண்டு நம்மை வெளியே நிறுத்துகிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, அவர் வார்த்த அச்சிலிருந்தே பேசுகிறார்கள்.

டெர்மன் மேட்டுக்குடியில் பிறந்தவர் அல்லர். 1877இல் இந்தியானா மாநிலத்தின் ஜான்சன் வட்டாரத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பதினான்கு பிள்ளைகளுள் பன்னிரண்டாமவராகப் பிறந்தார். படித்தது ஓரறைப் பள்ளிக்கூடத்தில். அவருக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, ஊர் ஊராகப் புத்தகம் விற்று வந்த ஒருவர் அவர்கள் வீட்டில் தங்கினார். மண்டையின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்து அறிவையும் குணத்தையும் கணிக்கும் போலி அறிவியல் அன்று பரவலாக நம்பப்பட்டது. அந்த விற்பனையாளர் வீட்டாரின் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தச் சிறுவன் பெரிய ஆளாக வருவான் என்று சொன்னார். பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் டெர்மனே இதை நினைவுகூர்ந்திருக்கிறார். தனக்குள் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கையை அது தந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. யாரோ ஒருவர் நம்பிச் சொன்ன சொல் ஒரு சிறுவனை உந்தியிருக்கிறது. அறிவு பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று பின்னாளில் வாதிட்ட மனிதரின் சொந்தக் கதை இது.

பதினேழு வயதில் கிராமப் பள்ளி ஆசிரியரானார். இடையிடையே படித்து, இந்தியானா பல்கலைக்கழகத்தில் பட்டங்கள் பெற்று, 1905இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். கெட்டிக்காரர் என்று கருதப்பட்ட ஏழு சிறுவர்களையும், மந்தமானவர் என்று கருதப்பட்ட ஏழு சிறுவர்களையும் ஒப்பிட்டது அவருடைய ஆய்வு. காசநோய் தாக்கியதால் வெப்பமான தட்பவெப்பம் தேடிக் கலிபோர்னியா சென்றார். அங்கே பள்ளித் தலைமையாசிரியராகவும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் பணிபுரிந்து, 1910இல் ஸ்டான்ஃபோர்டை அடைந்தார்.

டெர்மன் கையில் எடுத்துக்கொண்ட கருவி அவர் கண்டுபிடித்ததன்று. பிரான்சில் ஆல்ஃபிரட் பினே, சைமனுடன் சேர்ந்து 1905இல் அதை உருவாக்கினார். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளுள் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று அறிவதே பினேயின் நோக்கம். அறிவை மாறாத ஓர் அளவாகக் கொள்ளும் போக்கை அவர் கண்டித்தார். பயிற்சியால் அது வளரும் என்று நம்பினார். 1911இல் பினே இறந்துபோனார். உதவி தேவைப்படுவோரைத் தேடிய கருவி, கடல் கடந்ததும் மனிதரைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று.

1916இல் டெர்மன் தம் திருத்திய சோதனையை ஸ்டான்ஃபோர்டு-பினே என்ற பெயரில் வெளியிட்டார். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளை அளந்து சராசரி இதுதான் என்று அவர் வகுத்தார். அந்தக் குழந்தைகளுள் வெளிநாட்டில் பிறந்தவர் எவரையும் சேர்க்கவில்லை. மேற்கு ஐரோப்பிய வம்சாவளியைச் சாராதவர்கள் மிகச் சிலரே. ஒரு சமூகத்தின் பிள்ளைகளைக் கொண்டு அளவுகோல் செய்துவிட்டு, அதனால் மற்ற எல்லாச் சமூகங்களையும் அளந்தார்கள். அந்நூலிலேயே டெர்மன் தம் முடிவையும் அறிவித்துவிட்டார். மெக்சிகோ, பூர்வகுடி, கறுப்பினக் குடும்பங்களில் மந்தம் பரவலாக இருப்பதாகவும், அது இனத்தால் வருவதாகத் தோன்றுவதாகவும், அக்குழந்தைகளைத் தனி வகுப்புகளில் பிரித்து வைக்க வேண்டும் என்றும், நுண்ணிய கருத்துகளை அவர்களால் கற்க இயலாவிட்டாலும் நல்ல உழைப்பாளிகளாக ஆக்கலாம் என்றும் எழுதினார். படிப்பு ஒருவருக்கு, உடலுழைப்பு இன்னொருவருக்கு என்று பிறப்பை வைத்துப் பகுக்கும் இந்த ஏற்பாட்டை எங்கே கேட்டிருக்கிறோம் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே 1916 மே மாதத்தில், அமெரிக்காவின் மறுகோடியில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். சாதி என்பது இயற்கை அன்று, அகமணத்தால் கட்டி எழுப்பப்பட்டது என்பதே அதன் சாரம். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்ததாகச் சொல்ல நம்மிடம் சான்றில்லை. ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் எழுதப்பட்ட இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க நம் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதல் உலகப் போர் டெர்மனின் சோதனைகளுக்குப் பெருஞ்சந்தையைத் திறந்தது. ஏறத்தாழ பதினேழு லட்சம் படைவீரர்களிடம் நடத்தப்பட்ட நுண்ணறிவுச் சோதனையை வடிவமைத்த குழுவில் அவரும் இருந்தார். போர் முடிந்ததும் அந்தக் குழுச் சோதனை முறை பள்ளிகளுக்குள் வந்தது. மீத்திறனர், கூர்மையர், சராசரியர், மெதுவாகக் கற்போர், தனிக் கவனத்திற்குரியோர் என ஐந்து தடங்களாகக் குழந்தைகளைப் பிரித்து வைக்கும் திட்டத்தை 1922இல் அவர் முன்வைத்தார். ஓக்லாந்து போன்ற பள்ளி மாவட்டங்கள் அவருடைய மாணவர்களின் வழிகாட்டுதலில் இத்தகைய பகுப்பை நடைமுறைப்படுத்தின. அவ்வாண்டே பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் தொடர் கட்டுரைகள் எழுதி அவரைக் கடுமையாக எதிர்த்தார். டெர்மனின் பதிலில் ஏளனம் மிகுந்திருந்தது. வாதம் குறைவாகவே இருந்தது.

இந்தச் சூழலில்தான் நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட படிவம் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, பெர்க்லி, அலமேடா ஆகிய நகரங்களின் பள்ளிகள் முதன்மைக் களம். தேடலின் வட்டத்துக்குள் வந்த மாணவர்கள் இரண்டரை லட்சம் பேர். இறுதியில் திரண்ட குழு 1,528 பேர். குழுவில் டெர்மனின் சொந்த மகனும் மகளும் இருந்தார்கள். தந்தையரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மருத்துவர், வழக்குரைஞர், பேராசிரியர் போன்ற தொழில்களைச் செய்தவர்கள். கறுப்பினக் குழந்தைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். சீனக் குழந்தைகள் பிரித்து வைக்கப்பட்ட பள்ளிகளில் படித்ததால் தேடல் அவர்களிடம் செல்லவே இல்லை.

இங்கே ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. ஆசிரியர்கள் எழுதிய பெயர்களை டெர்மன் பின்னர் ஆராய்ந்தபோது, மிகுந்த அறிவுக்கூர்மை உடையவர் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த குழந்தையைவிட, வயதில் இளையவர் என்று குறித்த குழந்தையே சோதனையில் தேறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆசிரியரின் கணிப்பை வகுப்பு வருகைப் பதிவேட்டின் பிறந்த தேதி வென்றுவிட்டது. ஆசிரியரின் கண் நம்பத்தக்கதன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இருந்தும் அந்த வாயில் மூடப்படவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஆசிரியர் பரிந்துரையே முதற்படியாக நீடித்தது. கைநழுவியவர்களும் உண்டு. பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் இருவரும் சிறுவர்களாக இருந்தபோது சோதிக்கப்பட்டுப் போதிய மதிப்பெண் இல்லை என்று விடப்பட்டவர்கள். 1,528 பேருள் ஒருவருக்கும் அப்பரிசு கிட்டவில்லை. அந்தச் சோதனையால் தள்ளப்பட்ட ஷாக்லியே, முதுமையில் அதே நுண்ணறிவு மதிப்பெண்களைக் காட்டிக் கறுப்பின மக்களைத் தாழ்ந்தவர்கள் என்று மேடையேறிப் பேசியது வரலாற்றின் கசப்பான வேடிக்கை.

டெர்மனுக்கு எதிரான சான்று அவருடைய அளவுகோலைக் கொண்டே எழுந்தது. அவர் பிறந்த அதே இந்தியானாவில், டெரே ஹோட் நகரில், 1904இல் பிறந்த கறுப்பினத்தவர் மார்ட்டின் ஜென்கின்ஸ். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பால் விட்டியின் மேற்பார்வையில் அவர் சிகாகோவின் ஏழு பொதுப்பள்ளிகளில் 8,145 கறுப்பினக் குழந்தைகளிடையே தேடினார். டெர்மன் தேடாத இடத்தில் தேடினார் என்பதே முதன்மையான வேறுபாடு. 120க்கு மேல் மதிப்பெண் பெற்ற 103 குழந்தைகள் கிடைத்தனர். அவர்களுள் சிறுமியர் சிறுவரைப் போல் இருமடங்குக்கும் மேல். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையில் 200 பெற்றாள். வெள்ளையர் ரத்தக் கலப்பால்தான் கறுப்பினத்தில் அறிவாளிகள் தோன்றுகிறார்கள் என்ற பேச்சு அன்று கல்விப்புலத்திலேயே இருந்தது. ஜென்கின்ஸும் விட்டியும் பெற்றோரிடம் வம்சாவளியைக் கேட்டறிந்து, அந்தப் பேச்சுக்கு ஆதாரமில்லை என்று காட்டினர். ஜென்கின்ஸ் பின்னர் மார்கன் ஸ்டேட் கல்லூரியின் தலைவராக 1948 முதல் 1970 வரை பணியாற்றினார். மெக்சிகோ வம்சாவளி அறிஞர் ஜார்ஜ் சாஞ்செஸும் 1930களில், ஆங்கிலம் அறியாத குழந்தையை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு அறிவில்லை என்பது எவ்வகை நியாயம் என்ற வினாவைத் தொடர்ந்து எழுப்பினார். ஜென்கின்ஸையும் சாஞ்செஸையும் நம் பாடநூல்கள் அறிமுகப்படுத்துவதில்லை.

பினேயின் சோதனை இந்தியாவுக்கும் வந்தது. லாகூரில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ் அதன் இந்துஸ்தானி வடிவத்தை உருவாக்கினார். 1929இல் வெளிவந்த அவருடைய நூல், பஞ்சாபின் சில சாதிக் குழுக்களின் நுண்ணறிவை ஒப்பிடுவதாகத் தலைப்பிலேயே அறிவித்தது. அமெரிக்காவில் இனம் அமர்ந்த இருக்கையில் இங்கே சாதி அமர்ந்தது.

டெர்மன் கலிபோர்னியாவின் மனித மேம்பாட்டு அறக்கட்டளையில் உறுப்பினராக இருந்தார். கட்டாயக் கருத்தடையைப் பரப்பிய அமைப்பு அது. அம்மாநிலத்தில் கருத்தடை செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ 20,000 பேர். அவரை ஓர் அப்பாவி அறிஞர் என்று கருத இது இடம் தரவில்லை. எனினும் கடைசிக் காலத்தில் அவருக்குள் ஏதோ அசைந்தது. தம் வாழ்க்கைக் குறிப்பில், இன வேறுபாடுகள் குறித்துத் தாம் உறுதியாக எழுதியிருந்த இடத்தின் ஓரத்தில், முன்னைப் போல் உறுதியில்லை என்னும் பொருள்பட 1951இல் பென்சிலால் குறித்து வைத்தார். 1955இல் அந்த உறுதி மேலும் குறைந்துவிட்டதாக இன்னொரு குறிப்பு. இரண்டும் அவருடைய சொந்தப் பிரதியிலேயே தங்கிவிட்டன. தனி வகுப்புகளுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் அந்தப் பென்சில் குறிப்பைப் படிக்கவில்லை. 1956 டிசம்பரில் டெர்மன் இறந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஷாக்லிக்கு நோபல் அறிவிக்கப்பட்டிருந்தது.

கறுப்பினக் குழந்தைகளை நுண்ணறிவுச் சோதனையைக் கொண்டு மந்த வகுப்புகளில் தள்ளுவதற்கு எதிராகச் சான் பிரான்சிஸ்கோவின் பெற்றோர் 1971இல் வழக்குத் தொடுத்தனர். 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் அந்த நடைமுறையைத் தடை செய்தார். டெர்மன் வாழ்ந்த மாநிலத்திலேயே இது நிகழ்ந்தது. ஆனால் கீழே தள்ளும் கதவை நீதிமன்றம் அடைத்தபோதும், மேலே ஏற்றும் கதவு பழைய இடத்திலேயே இருந்தது. மீத்திறன் வகுப்புக்கு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைக்க வேண்டும் என்ற விதி பல மாவட்டங்களில் தொடர்ந்தது.

புளோரிடாவின் புரோவர்டு பள்ளி மாவட்டத்தில் நடந்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கொண்ட அம்மாவட்டத்தில், பரிந்துரை பெற்ற குழந்தை மட்டுமே மீத்திறன் சோதனைக்குச் செல்ல முடியும். வசதி படைத்த பெற்றோர் பணம் கொடுத்துத் தனியார் உளவியலாளரிடம் சோதித்துக்கொள்வதும் உண்டு. 2005இல் மாவட்டம் ஒன்றை மட்டும் மாற்றியது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும், சொற்களைச் சாராத ஒரு குறுஞ்சோதனையைப் பள்ளியிலேயே நடத்தியது. அதில் தேறியவர்களுக்கு முழுச் சோதனை இலவசம். பொது வரம்பு 130. ஏழைக் குழந்தைகளுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கும் 116. இந்த வரம்புகள் முன்பிருந்தவையே; ஒரு புள்ளியும் தாழ்த்தப்படவில்லை. மீத்திறன் வகுப்பில் கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் 80 விழுக்காடும், இலத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளின் விகிதம் 130 விழுக்காடும் உயர்ந்தன என்று டேவிட் கார்டும் லாரா கியுலியானோவும் பதிவு செய்தனர். இக்குழந்தைகள் முந்தைய ஆண்டுகளிலும் அதே வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தகுதியைத் தாழ்த்தியதால் வந்தவர்கள் என்ற வசையை எவரும் அவர்கள் மீது வீச முடியாது.

பொருளாதார நெருக்கடி வந்தது. அனைவரையும் சோதிக்கும் செலவை மாவட்டம் வெட்டியது. பழைய பரிந்துரை முறை திரும்பியது. கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குழந்தைகளின் விகிதமும் சில ஆண்டுகளிலேயே பழைய அளவுக்கு இறங்கியது.