மூச்சுக்குக் கணக்கு எழுதியவர்

ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, உத்தியோகம் என்று போனது மத்திய கலால் இலாகாவுக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேதான் காலம் கழிந்தது. கல்லூரிப் பாடப்புத்தகத்தில் ஆன்ட்வான் லவாய்சியருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பொருள் அழிவதில்லை என்ற விதியைச் சொன்னவர், கில்லட்டினில் தலை இழந்தவர் என்பதோடு சரி. அவரும் வரி வசூலில் இருந்தவர் என்று வெகு காலம் கழித்துத் தெரிந்துகொண்டபோது, அவர் மேல் எனக்குத் தனியாக ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. நாம் சாப்பிடும் சாப்பாடும் இழுக்கும் மூச்சும் உடம்பில் என்ன ஆகின்றன என்பதைத் தராசில் நிறுத்திச் சொன்னவர் அவர். ஆகவே அவர் கதையை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1743-ஆம் வருஷம் ஆகஸ்ட் 26-ந் தேதி பாரிஸில் ஒரு வக்கீல் வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயார் காலமாகிவிட்டார். அப்பாவைப் போலவே சட்டம் படித்துப் பட்டமும் வாங்கினார். மனசு போனது என்னவோ விஞ்ஞானத்தில்தான். 1768-ல், 25 வயது நிறைவதற்கு முன்பே, பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியில் இடம் கிடைத்தது. அதே வருஷம் இன்னொரு காரியமும் செய்தார். ஃபெர்ம் ஜெனரால் என்ற வரிக் குத்தகை ஸ்தாபனத்தில் பங்கு வாங்கினார்.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரசர் தாமே வரி வசூலிக்கமாட்டார். உப்பு, புகையிலை, பாரிஸுக்குள் வரும் சரக்கு ஆகியவற்றின் மீதான வரியை இந்தக் குத்தகைக்காரர்களிடம் விட்டுவிடுவார். அவர்கள் அரசருக்கு ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டிவிட்டு, அதற்கு மேல் வசூலாவதைத் தாங்கள் எடுத்துக்கொள்வார்கள். பல மாகாணங்களில், தேவையோ இல்லையோ, ஆளுக்கு இத்தனை உப்பு வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் வேறு. ஜனங்கள் எப்படி வெறுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. உப்பு வரி என்றால் என்னவென்று 1930-ஐப் பற்றிப் படித்த நமக்குத் தெரியும். லவாய்சியர் சோம்பலான பங்குதாரர் அல்ல. ஊர் ஊராகப் போய்த் தணிக்கை செய்தார். புகையிலையில் சாம்பல் கலந்திருக்கிறார்களா என்று பார்க்க, அதன்மேல் அமிலத்தை ஊற்றி நுரைக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனையைச் சொன்னார். கலால் இலாகாக்காரனுக்கு இதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

1771-ல் சக பங்குதாரர் ஒருவரின் மகள் மேரி ஆனை மணந்தார். பெண்ணுக்கு வயது 13. அந்தப் பெண் கணவருக்காக இங்கிலீஷ் கற்று ஆராய்ச்சி நூல்களைப் பிரெஞ்சில் பெயர்த்தார், சித்திரம் கற்றுக் கருவிகளை வரைந்தார், சோதனைகளின்போது குறிப்பெடுத்தார். லவாய்சியருக்குக் காலையில் சில மணி நேரமும் இரவு ஏழிலிருந்து பத்து வரையும் விஞ்ஞானம். நடுவில் உத்தியோகம். வாரத்தில் ஒரு நாள் முழுக்கச் சோதனைக்கே.

அந்தக் காலத்து ரசாயனக்காரர்கள், எரியும் பொருளிலிருந்து புளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று நம்பினார்கள். லவாய்சியர் கணக்குப்பிள்ளையின் புத்தியோடு தராசை எடுத்தார். கந்தகமும் பாஸ்பரஸும் எரிந்தபின் எடை கூடுகிறது என்று 1772-ல் கண்டார். வெளியேறினால் குறையத்தானே வேண்டும்? ஆக, காற்றிலிருந்து ஏதோ வந்து சேர்கிறது. 1774 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து வந்த பிரீஸ்ட்லி, பாதரசத்தின் சிவப்புப் பொடியைச் சுடவைத்துத் தாம் பிடித்த புதுவித வாயுவைப் பற்றி விருந்து மேஜையில் சொன்னார். அதே சோதனையைச் செய்து பார்த்து, அதற்கு ஆக்ஸிஜன் என்று பெயர் வைத்தவர் லவாய்சியர். பிரீஸ்ட்லிக்குக் கொடுக்கவேண்டிய பெருமையை அவர் தாராளமாகக் கொடுக்கவில்லை. இது ஒரு குறைதான்.

எரிவதற்கு இந்த வாயு வேண்டும், மூச்சுக்கும் வேண்டும். அப்படியானால் உடம்பின் சூடும் ஒருவகை எரிதலால்தான் வருகிறதா? நம் பெரியவர்கள் ஜாடராக்னி என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் நமக்கு முன்பே தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. அந்த அக்கினியை அளந்து பார்ப்பது வேறு விஷயம்.

1782-83 குளிர்காலத்தில் லவாய்சியரும் கணித மேதை லாப்லாஸும் அதை அளந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறைகள் கொண்ட ஒரு பாத்திரம். நட்ட நடுவில் ஒரு கினிப்பன்றி. எலியின் ஜாதியைச் சேர்ந்த சாதுப் பிராணி. அதைச் சுற்றிலும் பனிக்கட்டி. அதற்கும் வெளியே இன்னொரு சுற்றுப் பனிக்கட்டி, அறையின் சூடு உள்ளே போகாமல் இருக்க. பிராணியின் உடம்புச் சூட்டால் உருகும் தண்ணீரைக் கீழே பிடித்து நிறுத்தார்கள். பத்து மணி நேரத்தில் சுமார் 13 அவுன்ஸ். அந்தப் பிராணி அதே நேரத்தில் எவ்வளவு கரியமில வாயுவை விடுகிறது என்பதைத் தனியாக அளந்தார்கள். அவ்வளவு கரியமில வாயு வரும்படி கரியை எரித்தால் எத்தனை பனி உருகும்? ஏறக்குறைய பத்தரை அவுன்ஸ். சுமாராக ஒத்துப்போகிறது. மூச்சு விடுவது ஒரு மெதுவான எரிதல் என்று தீர்மானித்தார்கள்.

மிச்சம் இரண்டரை அவுன்ஸ் எங்கே? தணிக்கைக்காரர் அதை லேசில் விடமாட்டார். தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது என்று அந்தச் சமயத்தில் தெளிவாகியிருந்தது. உணவில் கரி மட்டுமல்ல, ஹைட்ரஜனும் இருக்கிறது. அதுவும் எரிந்து தண்ணீராகிறது. அந்தச் சூட்டையும் சேர்க்கவேண்டும் என்று பின்னால் விளக்கினார்.

அடுத்து மனிதனையே அளக்கவேண்டும். அர்மாந் செகேன் என்ற இளைஞர் முகமூடி போட்டுக்கொண்டு குழாய் வழியே மூச்சு விட்டார். வெறும் வயிற்றில் சும்மா உட்கார்ந்திருந்தபோது மணிக்கு சுமார் 24 லிட்டர் ஆக்ஸிஜன் செலவாயிற்று. இன்றைய அளவைகளோடு பார்த்தால் சற்று அதிகம். சாதாரண ஆளுக்கு 15 லிட்டர் போதும். ஆனால் முக்கியமானது ஒப்பீடு. குளிரில் கொஞ்சம் கூடியது. சாப்பிட்ட பின் 38 லிட்டரை நெருங்கியது. வெறும் வயிற்றில் காலால் பளு தூக்கியபோது 60-ஐத் தாண்டியது. சாப்பிட்டுவிட்டு வேலை செய்தபோது 90-க்குப் போயிற்று. டாக்டர்கள் இன்று நம்மை டிரெட்மில்லில் ஓடவிட்டு முகமூடி வழியே மூச்சை அளக்கிறார்களே, அதற்கெல்லாம் வித்து இதுதான்.

இந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் எழுதிய ஒரு விஷயம் என்னை யோசிக்கவைத்தது. உழைப்பவனுக்குச் செலவு அதிகம். அப்படியிருக்க, உழைக்கிற ஏழைக்கு ஆகாரம் குறைவாகவும் உட்கார்ந்திருக்கும் பணக்காரனுக்கு அபரிமிதமாகவும் கிடைப்பது ஏன் என்று கேட்டு, சமூக ஏற்பாடுகளால் இதைச் சரிசெய்யலாம் என்று நம்பிக்கை தெரிவித்தார். 1788-ல் பஞ்சம் வந்தபோது புளுவா நகரத்துக்குத் தானியம் வாங்கத் தம் பணத்தைக் கடனாகக் கொடுத்தவர்தான். ஆனாலும் அந்த ஏழையின் உப்பில் வசூலித்த பணம்தான் அவருடைய ஆய்வுக்கூடத்தையும் நடத்தியது. இதை அவர் எப்படி மனசில் சமாதானம் செய்துகொண்டாரோ. நேர்மையான அதிகாரி அநியாயமான சட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றினால் அவனை எப்படி எடைபோடுவது என்று சர்வீஸில் நானும் பலமுறை யோசித்ததுண்டு.

ஒரு விஷயத்தில் அவர் தவறினார். எரிதல் நுரையீரலில் நடப்பதாக நினைத்தார். அத்தனை சூடும் ஒரே இடத்தில் உண்டானால் நுரையீரல் என்ன ஆகும் என்று லக்ராஞ் என்ற கணித அறிஞர் ஐயம் எழுப்பினார். அவர் சந்தேகம் சரியானது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமந்து போகிறது. உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில்தான் வேலை நடக்கிறது. அதுவும் குபீரென்று எரிவதில்லை. உணவின் சக்தி படிப்படியாக இறங்கி, ஏ.டி.பி. என்ற பொருளில் சில்லறையாகச் சேமிக்கப்படுகிறது. தசை அசைந்தாலும் மூளை நினைத்தாலும் இந்தச் சில்லறைதான் செலவு. 1929-ல் அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகத சுப்பாராவ்; பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டு போனவர். அவர் கதை பெரிய கதை.

புரட்சி முற்றியது. வரி ஏய்ப்பைத் தடுக்க பாரிஸைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு லவாய்சியரே காரணம் என்று ஜனங்கள் கொதித்தார்கள். அகாடமியிடம் ஒருகாலத்தில் அங்கீகாரம் கிடைக்காத மாரா, 1791-ல் தம் எழுத்துகளில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். அந்த வருஷமே ஃபெர்ம் ஒழிக்கப்பட்டது. 1793 ஆகஸ்டில் அகாடமியையும் மூடிவிட்டார்கள். நவம்பரில் குத்தகைக்காரர்களைக் கைது செய்ய உத்தரவு வந்ததும், சில நாள் ஒளிந்திருந்தவர் தாமே போய்ச் சரணடைந்தார். புகையிலையில் தண்ணீர் கலந்ததாகவும் குற்றச்சாட்டு. கலப்படத்துக்குச் சோதனை சொன்னவர் மீது! 1794 மே 8-ந் தேதி விசாரணை, அன்றே மரணதண்டனை. அவரையும் சேர்த்து 28 பேர். மாமனாரும் அவர்களில் ஒருவர். விஞ்ஞானிகள் குடியரசுக்குத் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதாக ஒரு கதை உண்டு. அதற்குச் சரியான ஆதாரமில்லை. அவரை விஞ்ஞானி என்று யாரும் தொடவில்லை. வரிக்காரர் என்றுதான் கொன்றார்கள். அடுத்த வருஷமே அரசாங்கம் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டு சொத்துக்களைத் திருப்பிக் கொடுத்தது.

கணவரையும் தகப்பனாரையும் ஒரே நாளில் பறிகொடுத்த மேரி ஆன் கொஞ்ச காலம் சிறையிலும் இருந்தார். வெளியே வந்து, கணவர் தொடங்கிய கட்டுரைத் தொகுப்பை 1805-ல் வெளியிட்டார். விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபுவை மறுமணம் செய்துகொண்டது நிலைக்கவில்லை. அப்போதும் லவாய்சியர் என்ற பெயரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1836-ல் 78 வயதில் காலமானார். செகேனின் மூச்சை அளந்த சோதனையை அவர் வரைந்து வைத்த சித்திரங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஓரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்து, எண்களை எழுதிக்கொண்டிருப்பவர் அவரேதான்.