மூன்று தீபாவளி கண்ட குரல்

புதுச்சேரிக்காரர்களுக்கு நவம்பர் 1-ந் தேதி மறக்க முடியாத நாள். 1954-ம் ஆண்டு அந்த நாளில்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சிப் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள்.

சரியாக ஐந்து ஆண்டு கழிந்தது. 1959-ம் ஆண்டு, அதே நவம்பர் 1-ந் தேதி. சென்னையில் ஒரு பாடகர் கண்ணை மூடினார். வயது 49. ஒரு காலத்தில் அவர் வருகிறார் என்றால் ரெயில் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சாகும்போதோ அவர் படங்கள் ஓடுவது நின்று பல ஆண்டு ஆகியிருந்தது.

அந்தப் பாடகர் யார் தெரியுமா? அவர்தான் ஏழிசை மன்னர் எம். கே. தியாகராஜ பாகவதர்!

முத்தியால்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு வீடு உண்டு. அந்த வீட்டு ஆயாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு நவம்பர் 1-ந் தேதியும் தெருவில் கொடி ஏறும். ஆயா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பாகவதரை நினைத்துக்கொள்வார். அன்று ஒரு தகராறு வந்தது. 'ஹரிதாஸ்' படப் பாட்டுகளுக்கு ஈடு இல்லை என்றார் ஆயா. அதெல்லாம் அந்தக் காலம், இப்போது கேட்டால் தூக்கம் வரும் என்றார் மகன். பேரன் எதுவும் பேசவில்லை. கைப்பேசியை எடுத்தான். பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டான். வீடே உட்கார்ந்து கேட்டது.

என்ன தீர்ப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் குரல் வந்த கதையைப் பார்ப்போம்.

ஓடிப்போன பையன்

பாகவதர் 1910-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி மாயவரத்தில் பிறந்தார். பொன் வேலை செய்யும் குடும்பம். தகப்பனார் பெயர் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி. பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்கு வந்தது.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. எந்த நேரமும் பாட்டுதான். தகப்பனார் கண்டித்தார். பையன் வீட்டை விட்டே ஓடிவிட்டான்! எங்கெங்கோ தேடினார்கள். கடைசியில் ஆந்திராவில் கடப்பையில், கூட்டத்துக்கு நடுவே அவன் பாடிக்கொண்டிருந்ததைக் கண்டார்கள் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு தகப்பனார் தடுக்கவில்லை.

திருச்சியில் எப். ஜி. நடேச அய்யர் என்று ஒருவர் இருந்தார். ரெயில்வே அதிகாரி. நாடகப் பித்து உள்ளவர். ரசிக ரஞ்சனி சபையைத் தொடங்கியவர். பஜனையில் பாடிய பையனின் குரல் அவர் காதில் விழுந்தது. 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். முதல் நாளிலேயே சபையோர் உருகிவிட்டார்கள்.

வெறும் குரல் மட்டும் இருந்தால் போதாது அல்லவா? பிடில் வித்துவான் பொன்னு அய்யங்காரிடமும், ஆலத்தூர் வெங்கடேச அய்யரிடமும் பாகவதர் முறையாகச் சங்கீதம் கற்றார்.

அப்போது நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். வார்த்தையும் புரிய வேண்டும். ஆகவே பாடுகிறவர்கள் உச்ச ஸ்தாயியில் பாடினார்கள். எழுத்து எழுத்தாக உச்சரித்தார்கள். பாகவதரின் பாட்டு அந்த மேடையில் வளர்ந்த பாட்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திண்ணைத் தகராறுக்கு இது தேவைப்படும்.

படங்கள் வந்தன

நாடகமாக நடித்த 'பவளக்கொடி' 1934-ல் பேசும் படமாயிற்று. கே. சுப்பிரமணியம் டைரக்ட் செய்தார். எஸ். டி. சுப்புலட்சுமி உடன் நடித்தார். பேசும் படம் என்று பெயரே தவிர, அதில் பேச்சைவிடப் பாட்டுதான் அதிகம். பாட்டுக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது.

1937-ல் 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும் வந்தன. நாடே பாகவதரைத் தெரிந்துகொண்டது. மதுரையில் 'சிந்தாமணி' என்றே ஒரு தியேட்டர் எழுந்தது. அந்தப் படத்தில் வந்த லாபத்தில் கட்டியது! இளைஞர்கள் பாகவதர் மாதிரி முடி வளர்த்துக்கொண்டார்கள். அதற்குப் 'பாகவதர் கிராப்பு' என்று பெயர். காதில் வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா, ஜவ்வாது வாசனை. பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி' என்று வெற்றி மேல் வெற்றி. ஒன்பதாவது படம்தான் 'ஹரிதாஸ்'. 1944-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, தீபாவளிக்கு வெளிவந்தது.

கதை எளிது. பெற்றோரை மதிக்காத ஒருவன் தாசி மோகத்தில் எல்லாவற்றையும் இழக்கிறான். கால்களும் போகின்றன. பிறகு திருந்துகிறான். தாய் தகப்பனுக்குப் பணிவிடை செய்வதே கடவுள் தொண்டு என்று தெளிகிறான். பாகவதர் ஹரிதாஸ். டி. ஆர். ராஜகுமாரி தாசி ரம்பா. என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் சிரிக்க வைத்தார்கள். பாட்டுகளைப் பாபநாசம் சிவன் எழுதினார். ஜி. ராமநாதன் இசைக் குழுவைப் பார்த்துக்கொண்டார். சுந்தர் ராவ் நட்கர்னி டைரக்டர்.

அது உலகப் போர் நடந்த காலம். பிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டளை. அதனால் 'ஹரிதாஸ்' படத்தில் வீண் காட்சிக்கு இடமில்லை. பாட்டும் கச்சிதமாக இருந்தாக வேண்டும். சர்க்கார் கெடுபிடியால் கலைக்கு நன்மை வந்தது இந்த ஒரு தடவைதானோ என்னவோ!

சென்னை பிராட்வே தியேட்டரில் 1944 தீபாவளிக்குத் தொடங்கிய படம் 1945 தீபாவளியைப் பார்த்தது. 1946 தீபாவளியையும் பார்த்தது. பிராட்வே சாலைக்குக் கிழக்கே உள்ள பகுதிக்கும் முத்தியால்பேட்டை என்றுதான் பெயர். அந்த முத்தியால்பேட்டையின் பக்கத்தில் படம் ஓடியது. இந்த முத்தியால்பேட்டையில் பாட்டு ஓடியது என்பார் ஆயா. அந்நாளில் இது பிரெஞ்சுக்காரர் சீமை. வடக்கே கொஞ்சம் நடந்தால் கோட்டக்குப்பம், அது வெள்ளைக்காரர் சீமை. பாட்டு எல்லையைக் கேட்டா வரும்?

இருபத்து மூன்றாம் நாள்

'ஹரிதாஸ்' வெளிவந்து 23 நாள்தான் ஆயிற்று. நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரரைச் சிலர் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிப் பத்திரிகை விற்றவர் அவர். பகைக்குக் குறைவில்லை.

டிசம்பரில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். நாடு திகைத்தது. 1945-ல் சென்னை ஐகோர்ட்டில் ஜூரிகள் முன்னால் வழக்கு நடந்தது. இருவருக்கும் ஆயுள் தண்டனை! அப்பீலும் தோற்றது. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். வழக்கை மீண்டும் விசாரிக்க உத்தரவு வந்தது. 1947-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐகோர்ட்டு இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிராட்வேயில் 'ஹரிதாஸ்' இரண்டாவது தீபாவளியும் மூன்றாவது தீபாவளியும் கொண்டாடியபோது, பாடியவர் சிறையில் இருந்தார். திரையில் அவர் பாடினார். ஜனங்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவருக்குக் கேட்கவில்லை.

படத் தயாரிப்பாளர்களும் காத்திருக்கவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர் நடிக்க இருந்த 'உதயணன்' கதையில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார்.

விடுதலைக்குப் பின்

வெளியே வந்த பாகவதர் பழைய பாகவதர் அல்ல என்றார்கள். 1948-ல் 'ராஜமுக்தி' வந்தது. புனாவில் எடுத்த படம். வசனம் எழுதப் போனவர் புதுமைப்பித்தன். அங்கே காச நோய் முற்றி, அதே ஆண்டில் அந்தப் பெரிய எழுத்தாளர் இறந்தார். படமும் தோற்றது.

1952-ல் 'அமரகவி', 'சியாமளா' என்று இரண்டு படங்கள். அதே ஆண்டு தீபாவளிக்குப் 'பராசக்தி' வந்தது. சிவாஜி கணேசன் பேசிய வசனத்தை ஊரே மனப்பாடம் செய்தது. எட்டு ஆண்டுக்கு முன் தீபாவளியில் பாட்டைக் கேட்கப் போன ஜனங்கள், இந்தத் தீபாவளியில் வசனத்தைக் கேட்கப் போனார்கள்.

சிறைக்கு முன் ஒன்பது படம். சிறைக்குப் பின் ஐந்து. பின்னால் வந்த ஐந்தில் ஒன்றும் நிலைக்கவில்லை. 1957-ல் 'புது வாழ்வு' வந்தது. பெயரில் மட்டும் புது வாழ்வு இருந்தது. நீரிழிவு நோய் உடலை அரித்தது. கடைசிப் படம் 'சிவகாமி' 1960-ல், அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சிறையில் குரல் போய்விட்டது என்று அந்நாளில் பலர் பேசினார்கள். 'அமரகவி' பாட்டுகளை இன்று கேட்டால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. குரல் அங்கேதான் இருக்கிறது. நகர்ந்து போனது கேட்டவர்கள்தான். கோர்ட்டு விடுதலை செய்த மனிதரை ரசிகர்கள் முழுசாக விடுதலை செய்யவில்லை.

மீண்டும் கேட்டபோது

இனித் திண்ணைக்கு வருவோம்.

மகன் சொன்ன குறை இதுதான்: எல்லாப் பாட்டும் உச்சத்தில் கத்துகிற மாதிரி இருக்கிறது, எடுத்த எடுப்பில் மேலே போய்விடுகிறார்.

குறை பொய்யல்ல. ஆனால் காரணம் இருக்கிறது. ஒன்று, முன்னே சொன்ன ஒலிபெருக்கி இல்லாத மேடை. மற்றொன்று இசைத்தட்டு. அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கம் மூன்று நிமிடம் போல ஓடும். பிறகு திருப்பிப் போட வேண்டும். கச்சேரியில் அரை மணி விஸ்தாரமாகப் பாடும் ராகத்தை மூன்று நிமிடத்தில் காட்டியாக வேண்டும். நின்று நிதானிக்க நேரம் ஏது? அந்தக் குறுகிய இடத்தில் ராகத்தின் முகம் தெரியும்படி பாடியதுதான் பாகவதர் வித்தை. 'மன்மத லீலை' பாட்டு சாருகேசி ராகம். ராகத்தின் பெயரே தெரியாத ஜனங்கள் அந்தப் பாட்டால் சாருகேசியை முணுமுணுத்தார்கள்.

ஆயா சொன்ன நிறை வேறு. ஆயாவுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. முதியோர் வகுப்பில்தான் எழுத்துப் படித்தார். பாகவதர் பாடினால் ஒரு வார்த்தை தப்பாமல் புரியும், அதனால் பாட்டெல்லாம் படிக்காமலே மனப்பாடம் ஆயிற்று என்றார். இதை மகனால் மறுக்க முடியவில்லை. இப்போது வருகிற பாட்டில் தாளச் சத்தத்துக்கு நடுவே வார்த்தையைத் தேட வேண்டியிருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மருமகள் இதுவரை பேசவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார். கெட்டுப்போனவன் ஹரிதாஸ், பழி மட்டும் ஏன் ரம்பா தலையில்? ஆயா சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. பாட்டைப் புகழ்கிறோம் என்பதற்காகக் கதையில் உள்ள கோணலையும் புகழ வேண்டியதில்லை. 1944-ல் யாரும் கேட்காத கேள்வியை மருமகள் கேட்டார். கேட்டது நியாயம்.

பாகவதர் பாணி அடியோடு மறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. மதுரையில் ஒரு பையன் பாகவதர் பாட்டைப் பாடிப் பாடிக் குரலை வளர்த்தான். படத்தில் முதன்முதல் பாட வாய்ப்பு வந்தபோதும் அதே சாயலில் பாடினான். 'கிருஷ்ண விஜயம்' என்ற அந்தப் படம் 1950-ல் வந்தது. அந்தப் பையன்தான் டி. எம். சவுந்தரராஜன்! மகனுக்கு டி.எம்.எஸ். என்றால் உயிர். இதைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் என்ன தீர்ப்பு?

தீர்ப்பு பேரனிடம் போயிற்று. எல்லாப் பாட்டும் பிடிக்கவில்லை என்றான் அவன். சில பாட்டில் வடமொழி அதிகம், புரியவில்லை என்றான். ஆனால் தாய் தகப்பனை நினைத்து ஹரிதாஸ் பாடும் பாட்டை மட்டும் மறுபடி போட்டான். யாரும் சொல்லாமலே மூன்றாம் தடவையும் போட்டான். ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் எழுந்து உள்ளே போனார். தண்ணீர் குடிக்கப் போனதாகப் பிறகு சொன்னார்.

அதோடு தகராறு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. எதிர் வீட்டுத் தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். 'ஹரிதாஸ்' என்ன பிரமாதம், 'சிவகவி' பாட்டுகளைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்றார். திண்ணையில் அவருக்கு இடம் விட்டார்கள். பேரன் மறுபடி கைப்பேசியைத் தட்டினான்.