யூ டோங் சென்

1979-இல் நூற்றாண்டு கண்ட யூ யான் சாங் மருந்து நிறுவனம் பிறந்த இடம், நம் பேரா மாநிலத்துக் கோப்பேங் ஆகும். சீனத்திலிருந்து வந்த யூ கோங் 1879-இல் அங்கு மூலிகைக் கடையொன்றைத் திறந்தார். ஈயச் சுரங்கத் தொழிலாளர் நோய்க்கும் அலுப்புக்கும் அபினையே நாடி நலிவதைக் கண்டு மனம் வருந்தியே அவர் அதனைத் தொடங்கினார் என்பது அக்குடும்பத்தார் கூறிவந்த வரலாறு. கள்ளுக்கடைக்குச் சென்ற சம்பளம் வீடு திரும்பாததைக் கண்ட தோட்ட மக்களாகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவர் மகனே யூ டோங் சென். 1877-இல் பினாங்கில் பிறந்த இவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பின்னாளில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் உடைய பெருஞ்செல்வரானார்; எனினும் தந்தையின் சிறு கடையை இவர் கைவிட்டாரல்லர். 1910-இல் சிங்கப்பூரிலும் அதன் கிளை எழுந்தது. அங்கு மருந்து மட்டுமா கிடைத்தது? சீனத்திலுள்ள தாய்க்கும் மனைவிக்கும் பணம் அனுப்பவும் தொழிலாளர் அக்கடையையே நாடினர். கடல் கடந்து அனுப்பிய பணம் உரியவர் கையிற் சேருமோ என்னும் கவலையை நம் பாட்டன்மாரும் நன்கு அறிந்திருந்தனர்.

யூ டோங் சென் 1941-இல் ஹாங்காங்கில் மறைந்தார். சிங்கப்பூரில் சீனர் வாழ்ந்த பழைய வட்டாரத்தில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.