நள்ளிரவில் வந்த கமிஷனர்!

குழந்தைகளே, 'டெடி' கரடி பொம்மை உங்களுக்குப் பிடிக்கும்தானே? அந்தப் பெயர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயர்!

1858ல் நியூயார்க்கில் பிறந்த இவர், சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டார். 1895ல் அந்நகரப் போலீஸ் கமிஷனர்கள் குழுவின் தலைவரானார்.

அப்போது அங்கே போலீஸ் வேலைக்குப் பணமும் சிபாரிசும் வேண்டும். கேப்டன் பதவிக்காக 15 ஆயிரம் டாலர் கொடுத்ததாக, 1894ல் நடந்த விசாரணையில் ஓர் அதிகாரியே ஒப்புக்கொண்டார். கொடுத்த பணத்தை எப்படி எடுப்பது? கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கினர்.

ரூஸ்வெல்ட் தேர்வில் தேறியவர்களுக்கே வேலை கொடுத்தார். நள்ளிரவில் தெருத்தெருவாக நடந்து, பணி நேரத்தில் தூங்கிய போலீஸ்காரர்களைப் பிடித்தார். ஞாயிறன்று மதுக்கடைகளை மூட வேண்டும் என்பது சட்டம். மாமூல் கொடுத்த கடைகள் மட்டும் திறந்திருந்தன. எல்லாக் கடைகளையும் மூட வைத்தார். மக்களில் பலர் கோபித்தனர். ஆனாலும் அவர் சட்டத்தை வளைக்கவில்லை.

1901ல் ஜனாதிபதியானார். 1919ல் மறைந்தார்.

நீங்கள் வகுப்பு லீடரா? உயிர் நண்பன் பேசினாலும் அவன் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள். மிட்டாய் கொடுத்தாலும் அழிக்காதீர்கள். நேர்மை அங்கேதான் தொடங்குகிறது!