பவுண்ட்மேக்கரும் கிரீ மக்களின் மண்ணும்

கனடாவில் ஹட்சன், ஜேம்ஸ் விரிகுடாக்களைச் சூழ்ந்த காடுகள் கிரீ மக்களின் தொன்மையான வாழிடம். மென்மயிர்த் தோல் வணிகம் பெருகிய காலத்தில் அவர்களில் ஒரு பிரிவினர் மேற்கிலுள்ள புல்வெளிகளில் பரவி, குதிரையேறிப் பைசன் வேட்டையாடுவோராயினர். அவர்கள் நாட்டுக்கு எல்லைக்கல் இல்லை. மந்தைகள் திரிந்த தொலைவும் உறவு எட்டிய தொலைவுமே எல்லை. பவுண்ட்மேக்கரின் வாழ்வு இதற்குச் சான்று.

சுமார் 1842-இல், இன்றைய சஸ்காட்செவான் மாகாணத்தின் பேட்டில்ஃபோர்டு பகுதியில் பிறந்தார். தந்தை அசினிபோயின் இனத்தவர். தாய் ஐரோப்பியக் கலப்புடைய கிரீ பெண். பைசன்களை மடக்கும் பட்டியை அமைப்பவர் என்பதே பெயரின் பொருள். கிரீ மக்களின் நெடுநாள் பகைவர் பிளாக்ஃபுட் இனத்தார். அவர்களின் தலைவரான குரோஃபுட், கிரீகளுடனான மோதலில் மகனைப் பறிகொடுத்தவர். மாண்ட மகனின் சாயலைப் பவுண்ட்மேக்கரிடம் கண்ட அவர், 1873-இல் அவரையே மகனாக ஏற்றுக்கொண்டார். பகைவனின் பிள்ளையைத் தன் பிள்ளையாக்கும் இந்த நெஞ்சுரம் எந்த ஒப்பந்தத்தாலும் வருவதன்று.

கனடா அரசின் கணக்கு வேறு. ஹட்சன் விரிகுடா நிறுவனத்துக்கு 3 லட்சம் பவுண்டு கொடுத்து, 1870-இல் இந்நிலப்பரப்பைத் தன் வசமாக்கியது. அங்கு வாழ்ந்தோரை யாரும் கேட்கவில்லை. 1876-இல் ஆறாம் ஒப்பந்தம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என அளந்தது. நிலத்தைத் துண்டுபோடுவதைக் கார்ல்டன் கோட்டைப் பேச்சுவார்த்தையில் பவுண்ட்மேக்கர் எதிர்த்தார். பின்னர் வேறு வழியின்றி ஒப்பமிட்டார். மூன்றே ஆண்டுகளில் கனடியப் புல்வெளியில் பைசன்கள் ஏறத்தாழ அற்றுப்போயின. அவரும் ஒதுக்கப்பட்ட நிலத்தில் குடியேறினார்.

1885-இல் மெத்தி இனத்தார் கிளர்ந்தெழுந்தபோது, பசித்த தம் மக்களுடன் உணவு கேட்டுப் பேட்டில்ஃபோர்டு சென்றார். அஞ்சிய நகரத்தார் கோட்டைக்குள் ஒதுங்க, ஆளில்லா வீடுகள் சூறையாடப்பட்டன. மே 2 அன்று கர்னல் ஓட்டர் 300-க்கும் மேற்பட்ட வீரர்களுடனும் பீரங்கிகளுடனும் கட் நைஃப் குன்றருகே இருந்த முகாமைத் தாக்கினார். போர்த்தலைவர் ஃபைன் டே தலைமையில் கிரீகளும் அசினிபோயின்களும் எதிர்த்து நிற்க, படை பின்வாங்கியது. துரத்திச் சென்றிருந்தால் பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கும், பவுண்ட்மேக்கர் தடுத்துவிட்டார்.

உயிர்களைக் காத்தவருக்கு, அரசதுரோகக் குற்றம் சாட்டி மூன்றாண்டுச் சிறை விதித்தது ரெஜைனா நீதிமன்றம். உடல் நலிந்து ஓராண்டுக்குள் விடுதலையானார். வளர்ப்புத் தந்தையைக் காணச் சென்ற இடத்தில், 1886 ஜூலை 4 அன்று, பிளாக்ஃபுட் மண்ணில் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1967-இல் அவரது எச்சங்கள் கட் நைஃப் குன்றருகே, அவர் பெயர் தாங்கிய கிரீ நிலத்துக்கு எடுத்து வரப்பட்டன. 2019 மே 23 அன்று அங்கு வந்த பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, அவர் குற்றமற்றவர் என அறிவித்து அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.